சொல்லால் காத்த நிலம்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியை வரைபடத்தில் நோக்குவோமானால், நாற்புறமும் பிற நாடுகளால் சூழப்பட்டு, எந்தக் கடலையும் தொடாமல் அமைந்துள்ள ஒரு நாட்டைக் காண்போம். அதுவே போட்ஸ்வானா. தெற்கிலும் தென்கிழக்கிலும் தென்னாப்பிரிக்கா, மேற்கிலும் வடக்கிலும் நமீபியா, வடகிழக்கில் ஜிம்பாப்வே. காசுங்குலா என்னுமிடத்தில், சாம்பேசி ஆற்றின் நடுவே ஒரு சிறு முனையில் மட்டும் அது ஜாம்பியாவைத் தொடுகிறது. பரப்பளவில் பிரான்ஸ் நாட்டைவிடச் சற்றுப் பெரியது. ஏறத்தாழ 5,82,000 சதுரக் கிலோமீட்டர். ஆனால், 2022ஆம் ஆண்டின் கணக்கெடுப்புப்படி அங்கு வாழும் மக்கள் 24 இலட்சத்துக்கும் குறைவானவரே. நம் நாட்டுப் பெருநகரம் ஒன்றின் மக்கள்தொகை இதனினும் மிகுதி.

1966ஆம் ஆண்டில் இந்நாடு விடுதலை பெற்றபோது அதற்குக் கடற்கரை இல்லை, துறைமுகம் இல்லை. முறையான படையும் இல்லை. படை ஒன்று அமைக்கப்பட்டது 1977ஆம் ஆண்டில்தான். நாடு முழுவதிலும் தார் இட்ட சாலை ஏறத்தாழ 12 கிலோமீட்டரே இருந்தது. இத்தகைய நாட்டை அதற்கு முந்தைய நூறாண்டுகளில் வலிமை மிக்க அயலார் பன்முறை விழுங்க முனைந்தனர். ஆயினும் அது விழுங்கப்படவில்லை. வாளும் பீரங்கியும் இல்லாத ஒரு மக்கள் தம் நிலத்தை எவ்வாறு காத்துக்கொண்டனர்? பெரும்பாலும் பேசியே காத்துக்கொண்டனர் என்று வரலாறு கூறுகிறது. அந்தப் பேச்சின் வலிமை எத்தகையது, அதன் எல்லை யாது என்பவற்றையே நாம் இங்குச் சிந்திக்க விரும்புகிறோம்.

முதலில் நிலத்தின் இயல்பை அறிவோம். நாட்டின் மூன்றில் இரு பங்குக்கும் மேற்பட்ட பகுதியைக் கலஹாரி பரவி நிற்கிறது. பாலைவனம் என்ற சொல்லைக் கேட்டவுடன் வெறும் மணற்குன்றுகளே நம் மனக்கண்முன் தோன்றும். கலஹாரி அத்தகையதன்று. புல்லும் முட்புதரும் ஆங்காங்கே மரங்களும் அங்கு உண்டு. ஆனால், பெய்யும் மழையை மணல் உடனே உறிஞ்சிவிடுவதால் நிலத்தின்மேல் நீர் நிற்பதில்லை. வடக்கே ஒக்கவாங்கோ என்னும் வியத்தகு ஆறு ஒன்று உள்ளது. ஆறுகள் எல்லாம் கடலை நாடிச் செல்வன என்றே நாம் எண்ணுகிறோம். இந்த ஆறோ அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பிறந்து, நமீபியாவின் குறுகிய நிலப்பகுதி ஒன்றைக் கடந்து, போட்ஸ்வானாவின் வடமேற்கில் புகுந்து, விசிறிபோல் விரிந்து, மணலிலும் வெயிலிலும் மறைந்துபோகிறது. கடலைக் காணாத நாட்டில் கடலைக் காணாத ஆறு!

இன்னொரு விந்தையும் உண்டு. அங்கோலாவில் ஆண்டின் தொடக்கத்தில் பெய்யும் மழைநீர் நாணல் புதர்களினூடே மெல்ல ஊர்ந்து வந்து சேர்வதற்குள், போட்ஸ்வானாவில் மழைக்காலம் முடிந்துவிடுகிறது. ஆதலின், வானம் வறண்டு கிடக்கும் ஜூன், ஜூலைத் திங்கள்களிலேயே ஒக்கவாங்கோவில் வெள்ளம் பெருகுகிறது. யானைகளும் எருமைகளும் மான் கூட்டங்களும் அந்நீரை நாடிப் பெருந்திரளாக வருகின்றன. இவ்வாற்றுப் பரப்பு 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்க்கப்பட்டது. நீரின் அருமையை அறிந்த அம்மக்கள் தம் நாணயத்துக்கே ‘புலா’ என்று பெயரிட்டிருக்கின்றனர். அவர்கள் மொழியில் புலா என்றால் மழை. நாட்டின் குறிக்கோள் மொழியும் அதுவே. கொடியின் இளநீல வண்ணமும் மழையையே குறிக்கிறது.

இந்நிலத்தின் மிகத் தொன்மையான குடிகள் சான் மக்கள். வேட்டையாடியும் கிழங்கு, கனிகளைத் திரட்டியும் பல்லாயிரம் ஆண்டுகளாக அவர்கள் இங்கு வாழ்ந்து வந்துள்ளனர். வடமேற்கிலுள்ள சோடிலோக் குன்றுகளின் பாறைகளில் 4,500க்கும் மேற்பட்ட பழைய ஓவியங்கள் காணப்படுகின்றன. பிற்காலத்தில் வந்து பரவியவர் சுவானா மக்கள். இவர்கள் கால்நடை வளர்ப்பவர், சோளம் பயிரிடுபவர். குவேனா, நுவாக்கெட்சே, நுவாட்டோ முதலிய பல குலங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குலமும் தனக்கென ஒரு தலைவரைக் கொண்டு ஆண்டு வந்தது. நாட்டை போட்ஸ்வானா என்றும், மக்களை பட்ஸ்வானா என்றும், மொழியை செட்ஸ்வானா என்றும் வழங்குவர். முன்னொட்டு ஒன்றை மாற்றுவதனாலேயே பொருளை வேறுபடுத்துவது அம்மொழியின் இயல்பு.

சுவானா ஊர் ஒவ்வொன்றின் நடுவிலும் ‘கோட்லா’ என்னும் மன்றம் இருந்தது, இன்றும் இருக்கிறது. மரக்கழிகளைப் பிறைவடிவில் நட்டு அமைத்த வேலிக்குள், நிழல்தரும் மரத்தடியில் தலைவரும் முதியோரும் மக்களும் கூடுவர். வழக்குகளும் ஊர்ப் பொதுக் காரியங்களும் அங்கேயே ஆராயப்படும். தலைவர் முதலில் பேசுவதில்லை. எல்லோரும் தத்தம் கருத்தைக் கூறி முடித்தபின், கேட்டவற்றைத் தொகுத்து இறுதியிலேயே அவர் தம் முடிவை உரைப்பார். ‘மக்களாலேயே தலைவன் தலைவனாகிறான்’ என்பது அவர்கள் பழமொழி. ‘பெரும்போர் வாயால் நிகழ்வதே’ என்பது மற்றொன்று. தவறாகப் பேசுபவனுக்கும் தன் கருத்தைச் சொல்ல உரிமை உண்டு என்றும் ஒரு முதுமொழி கூறுகிறது. நம் நாட்டு ஊர்ப் பொதுமன்றங்களை அறிந்த நமக்கு இவ்வமைப்பு அயலானதாகத் தோன்றாது. ஆனால், அம்மன்றத்தில் நெடுங்காலம் பெண்களுக்குப் பேச இடமில்லை. சான் மக்களுக்கும் இடமில்லை. இக்குறையை நாம் மறத்தல் கூடாது. பின்னர் இதனை மீண்டும் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், தெற்கேயிருந்து போயர் எனப்படும் டச்சு வழிவந்த குடியேற்றத்தார் நிலம் தேடி வடக்கு நோக்கி நகர்ந்தனர். 1852ஆம் ஆண்டில் அவர்கள் குவேனா தலைவர் செச்சேலேயைத் திமாவே என்னுமிடத்தில் தாக்கினர். செச்சேலே துப்பாக்கி ஏந்தி எதிர்த்து நின்றார். ஆயினும் ஊர்கள் அழிந்தன. பெண்களும் சிறுவர்களுமாகப் பலர் சிறைப்பிடிக்கப்பட்டனர். கொலோபெங்கில் இருந்த, பாதிரியாரும் பயணியுமான லிவிங்ஸ்டனின் இல்லமும் சூறையாடப்பட்டது. போரின் பயனைக் கண்ட செச்சேலே வேறொரு வழியை நாடினார். இங்கிலாந்து அரசியாரிடம் நேரில் முறையிடக் கருதித் தெற்கே கேப் டவுன் வரை பயணம் செய்தார். அதற்கப்பால் கடல் கடக்கப் பொருள் இல்லாமையால் திரும்பிவந்தார். அவர் முடிக்க இயலாத அப்பயணத்தை நாற்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் மகனே முடித்தார்.

இதற்கிடையே, 1884ஆம் ஆண்டில் ஜெர்மனி மேற்குக் கரையைத் தனதாக்கிக்கொண்டது. ஜெர்மானியரும் போயரும் கைகோத்துவிட்டால் வடக்கே செல்லும் வழி தமக்கு அடைபட்டுவிடும் என்று அஞ்சிய பிரிட்டிஷார், 1885ஆம் ஆண்டில் இந்நிலத்தைத் தம் பாதுகாப்புக்கு உட்பட்டதாக அறிவித்தனர். அறிவிப்பு முதலில் நிகழ்ந்தது. தலைவர்களிடம் கூறியது அதன் பின்னரே. நாட்டுக்கு ‘பெச்சுவானாலாந்து’ என்று பெயர் வழங்கலாயிற்று. பாதுகாப்பு அளித்தவர்களே பத்தாண்டுகளுக்குள் அதனைக் கைமாற்ற எண்ணினர். வைரச் சுரங்கங்களின் செல்வரும், கேப் குடியேற்றத்தின் பிரதமருமான செசில் ரோட்ஸ், தம் வணிகக் கம்பெனியின் கையில் இந்நிலம் முழுவதையும் ஒப்படைக்குமாறு கேட்டார். வணிகக் கம்பெனி ஒன்றின் ஆட்சி எத்தகையது என்பதை நம் நாட்டு வரலாற்றைக் கற்றவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

1895ஆம் ஆண்டில் மூன்று தலைவர்கள் இங்கிலாந்துக்குப் புறப்பட்டனர். நுவாட்டோ குலத்தின் மூன்றாம் காமா, குவேனா குலத்தின் செபேலே, நுவாக்கெட்சே குலத்தின் பத்தோயென் ஆகியோரே அம்மூவர். செபேலே, முன்னர்க் கேப் டவுனிலிருந்து திரும்பிய செச்சேலேயின் மகன். குடியேற்ற அமைச்சர் ஜோசப் சேம்பர்லின், கம்பெனியுடன் உடன்பாடு செய்துகொள்ளுமாறு அவர்களிடம் கூறிவிட்டு ஓய்வுக்காக வெளியூர் சென்றுவிட்டார். மூவரும் சோர்ந்து திரும்பவில்லை. அவர் மீளும்வரை ஊர் ஊராகச் சென்று, தேவாலயங்களிலும் பொதுமன்றங்களிலும் பேசினர். தம் மக்களின் நிலம் பறிபோகும் என்றும், தாம் தடுத்து வைத்திருந்த மதுபானம் நாட்டில் புகுந்துவிடும் என்றும் எடுத்துரைத்தனர். ஒரு வகையில், இங்கிலாந்து முழுவதையும் அவர்கள் ஒரு கோட்லாவாக ஆக்கினர் எனலாம். மக்களின் முறையீடுகள் அமைச்சரகத்தில் குவிந்தன. நவம்பர்த் திங்களில் சேம்பர்லின் இணங்கினார். விக்டோரியா அரசியாரும் வின்ட்சர் மாளிகையில் அவர்களை வரவேற்றார்.

அவர்கள் பெற்றது முழு வெற்றியன்று. இருப்புப்பாதைக்காகக் கிழக்கு எல்லையோரம் ஒரு நிலப்பட்டையை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. வரி செலுத்தவும் ஒப்புக்கொண்டனர். அந்தக் குடிசை வரியைச் செலுத்தும் பொருட்டே பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான ஆடவர் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர். மேலும், ஊழ்வினையும் அவர்களுக்குத் துணை நின்றது. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில், ரோட்ஸின் கூட்டாளி ஜேம்சன் அந்நிலப்பட்டையிலிருந்தே போயர் குடியரசின்மீது படையெடுத்துத் தோல்வியுற்றார். ரோட்ஸ் பதவி துறந்தார். கம்பெனியின் கைக்கு நாடு செல்லும் பேச்சு ஓய்ந்தது. மூவரின் உருவச் சிலைகள் இன்று தலைநகர் காபரோனியில் நிற்கின்றன.

1910ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க ஒன்றியம் தோன்றியபோது இரண்டாவது இடர் எழுந்தது. பெச்சுவானாலாந்தை எதிர்காலத்தில் அவ்வொன்றியத்துடன் இணைப்பதற்கு அதன் அமைப்புச் சட்டத்திலேயே வழி செய்யப்பட்டிருந்தது. தலைவர்கள் மனுவின்மேல் மனு அனுப்பினர். மக்களைக் கலந்து கேட்காமல் மாற்றம் நிகழாது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட உறுதிமொழி ஒன்றே அவர்களுக்குக் கேடயமாயிற்று. ஒன்றியத்து அரசுகள் மீண்டும் மீண்டும் கேட்டன. ‘மக்கள் விரும்பவில்லை’ என்ற விடை மாறவேயில்லை. ஆட்சியாளரோ இந்நாட்டின்மேல் பெரிதும் அக்கறை கொண்டிலர். நாட்டை ஆளும் அலுவலகம்கூட எல்லைக்கு வெளியே, தென்னாப்பிரிக்க மண்ணில் உள்ள மாஃபெக்கிங் நகரில் இருந்தது. தலைநகர் தன் நாட்டுக்கு வெளியே அமைந்த விந்தை 1965ஆம் ஆண்டு வரை நீடித்தது.

மூன்றாவது சோதனை ஒரு திருமணத்தின் வடிவில் வந்தது. மூன்றாம் காமாவின் பேரன் செரெட்சே காமா 1921ஆம் ஆண்டில் பிறந்தவர். நான்கு வயதில் தந்தையை இழந்த அவருக்குப் பதிலாகச் சிற்றப்பா செக்கேடி காமா ஆட்சிப் பொறுப்பை ஏற்று, அவரை வளர்த்து, இங்கிலாந்துக்கு அனுப்பிக் கல்வி கற்பித்தார். 1948ஆம் ஆண்டு செப்டம்பரில் செரெட்சே, ரூத் வில்லியம்ஸ் என்னும் ஆங்கில நங்கையை இலண்டனில் மணந்தார். செக்கேடி வெகுண்டார். தலைவனின் மனைவி மக்களுக்கு அன்னை. மக்களைக் கேளாமல் தலைவன் மணம் புரியலாகாது என்பது அவர் வாதம். செரெட்சே நாடு திரும்பி, செரோவே நகரத்துக் கோட்லாவில் மக்கள்முன் நின்றார். ஒரு முறையன்று, மூன்று முறை மன்றம் கூடிற்று. முதல் கூட்டத்தில் பெரும்பாலோர் திருமணத்தை எதிர்த்தனர். நாள்கணக்காக வாதம் நிகழ்ந்தது. 1949ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கூடிய மூன்றாவது கூட்டத்தில், தம்மை ஏற்பவர் எழுந்து நிற்குமாறு செரெட்சே வேண்டினார். ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்றனர். மறுத்தவர் மிகச் சிலரே.

மன்றம் தீர்த்த வழக்கை இலண்டன் மீண்டும் கிளறியது. தென்னாப்பிரிக்காவில் 1948ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி நிறவெறிக் கொள்கையைச் சட்டமாக்கத் தொடங்கி, 1949ஆம் ஆண்டில் வெள்ளையர்க்கும் பிறர்க்கும் இடையே திருமணத்தையே தடை செய்தது. அண்டையில் ஒரு கறுப்பினத் தலைவர் வெள்ளை மனைவியுடன் வாழ்வதை அவ்வரசு பொறுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் தங்கத்தையும் யுரேனியத்தையும் வேண்டி நின்ற பிரிட்டன் அதன் மனம் கோணாதிருக்க விழைந்தது. விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. செரெட்சே தலைமைக்கு எல்லா வகையிலும் தகுதியுடையவர். ஆனால் அண்டை நாட்டின் பகையை எண்ணி அவரை ஏற்கலாகாது என்று அது கூறிற்று. அந்த அறிக்கை பல்லாண்டுகள் மறைத்து வைக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டில் செரெட்சே நாடுகடத்தப்பட்டார்.

அச்செய்தியை அறிவிப்பதற்காகப் பிரிட்டிஷ் உயர் ஆணையர் செரோவேயில் கோட்லாவைக் கூட்டினார். அரசாங்க விழாவுக்குரிய முழு உடையணிந்து அவர் வந்து சேர்ந்தபோது மன்றம் வெறிச்சோடிக் கிடந்தது. மக்களில் ஒருவரும் வரவில்லை. பேச்சைப் போற்றிய மக்கள் தம் மௌனத்தாலும் பேசத் தெரிந்திருந்தனர். வரி கட்ட மறுத்தனர். வேறொரு தலைவரைத் தேர்ந்துகொள்ளுமாறு வற்புறுத்தியும் இணங்கவில்லை. எனினும், அந்நாள்கள் முற்றிலும் அமைதியாகக் கழிந்தன என்று கூற இயலாது. 1952ஆம் ஆண்டில் செரோவேயில் கலவரம் மூண்டு, காவலர் மூவர் உயிரிழந்தனர். இறுதியில் சிற்றப்பாவும் மகனும் மனம் பொருந்தினர். தலைமைப் பதவிக்கான உரிமையைத் துறந்து, 1956ஆம் ஆண்டில் செரெட்சே சாதாரணக் குடிமகனாக நாடு திரும்பினார்.

பிறப்பால் வந்த தலைமையை இழந்தவர்க்கு வாக்கால் வரும் தலைமை காத்திருந்தது. அவர் தலைமையில் அமைந்த மக்களாட்சிக் கட்சி 1965ஆம் ஆண்டுத் தேர்தலில் 31 இடங்களில் 28 இடங்களைப் பெற்றது. 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் போட்ஸ்வானா விடுதலை பெற்றது. அப்போது நாடெங்கும் கடும் பஞ்சம். கால்நடைகள் பெருந்தொகையாக மடிந்திருந்தன. அரசின் அன்றாடச் செலவுக்கே பிரிட்டனின் நன்கொடையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. இந்நாடு நிலைக்காது என்று நினைத்தவர் பலர்.

அந்நிலையில் நிகழ்ந்த ஒன்றை நாம் சிறப்பாகக் கருத வேண்டும். நிலத்தடியிலுள்ள கனிமங்கள் அதுவரை அந்தந்தக் குலத்துக்கு உரியனவாக இருந்தன. அவற்றை நாட்டு மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்க 1967ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. குலங்கள் கலந்து பேசி அதற்கு இசைந்தன. அதே ஆண்டில் ஒராபா என்னுமிடத்தில் வைரப் படிவம் கண்டறியப்பட்டது. ஒராபா இருப்பது நுவாட்டோ நிலத்தில். அதாவது செரெட்சேயின் சொந்தக் குலத்தார் நிலத்தில்! அவர் விரும்பியிருந்தால் அச்செல்வத்தைத் தம் குலத்துக்கே உரியதாக்கியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. 1971ஆம் ஆண்டில் ஒராபாச் சுரங்கமும், 1982ஆம் ஆண்டில் ஜுவானெங் சுரங்கமும் திறக்கப்பட்டன. ஆப்பிரிக்காவின் வேறு சில நாடுகளில் வைரம் உள்நாட்டுப் போருக்கு வித்தாயிற்று. இங்கோ அது பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் சாலையாகவும் மாறிற்று. மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து 1994ஆம் ஆண்டில் வெளியேறிய முதல் நாடு போட்ஸ்வானாவே. உலக வைரங்களில் பெரும்பகுதி பட்டை தீட்டப்படுவது நம் நாட்டின் சூரத் நகரத்தில் ஆதலின், அந்நாட்டின் உழைப்பும் நம் நாட்டின் உழைப்பும் ஒரு கல்லில் சந்திக்கின்றன.

இனி, முன்னர்க் கூறிய குறைக்கு வருவோம். எல்லோரும் பேசலாம் என்ற மன்றத்தில் பேச இடம் பெறாதவர் நெடுங்காலம் காத்திருந்தனர். அயல்நாட்டவரை மணந்த போட்ஸ்வானாப் பெண்ணின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லை என்றது 1980களின் சட்டம். ஆங்கிலப் பெண்ணை மணந்த ஒருவர் நிறுவிய நாட்டில் இத்தகைய சட்டம்! யூனிட்டி டவ் என்னும் பெண் வழக்கறிஞர் அதனை எதிர்த்து வழக்காடி, 1992ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு மன்றத்திலும் வென்றார். பின்னர் அவரே உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். நடுக் கலஹாரிக் காப்பகத்தில் வாழ்ந்த சான் மக்களை அரசு 1997, 2002ஆம் ஆண்டுகளில் அங்கிருந்து வெளியேற்றிப் புதிய குடியிருப்புகளில் அமர்த்தியது. அவர்கள் தொடுத்த வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளுள் யூனிட்டி டவ் அம்மையாரும் ஒருவர். அவர்களை வெளியேற்றியது முறையன்று என்று 2006ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஆயினும் அங்குக் கிணறு தோண்டி நீர் எடுக்கும் உரிமையைப் பெற 2011ஆம் ஆண்டு வரை மீண்டும் வழக்காட வேண்டியிருந்தது. நீரையே நாணயத்தின் பெயராகக் கொண்ட நாட்டில், அந்நிலத்தின் மூத்த குடிகள் நீருக்காக நீதிமன்றம் ஏறினர். இலண்டனுக்குச் சென்ற மூன்று தலைவர்கள் எதற்காகப் பேசினரோ, அதற்காகவே சான் மக்களும் பேசினர்: தம் நிலத்தைப் பற்றித் தம்மைக் கேட்க வேண்டும் என்பதே அது.

செரெட்சே காமா 1980ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் நிறுவிய கட்சி தேர்தல்தோறும் வென்று 58 ஆண்டுகள் ஆண்டது. இரண்டாயிரமாம் ஆண்டளவில் எய்ட்ஸ் நோய் நாட்டைக் கொடுமையாகத் தாக்கியபோது, 2002ஆம் ஆண்டு முதல் அரசு அதற்கு இலவச மருத்துவம் வழங்கிற்று. அண்மை ஆண்டுகளில் ஆய்வுக்கூடங்களில் ஆக்கப்படும் வைரங்கள் சந்தையில் பெருகியமையால் சுரங்க வருவாய் குன்றி, மக்களிடையே வேலையின்மையும் மனக்குறையும் மிகுந்தன. 2024ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நடந்த தேர்தலில் ஆளுங்கட்சி பெருந்தோல்வியுற்றது. வாக்குகள் முழுவதும் எண்ணி முடிவதற்கு முன்னரே குடியரசுத் தலைவர் மசிசி தோல்வியை ஒப்புக்கொண்டார். டூமா போக்கோ புதிய தலைவராகப் பதவியேற்றார். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை.

சொல் ஒன்றே எல்லாவற்றையும் காக்கும் என்று நாம் முடிவு கட்டலாகாது. மூன்று தலைவர்களுக்கு ஜேம்சனின் தோல்வியும் துணை நின்றது. சான் மக்களுக்குச் சொல்லின் பயன் மிகத் தாமதமாகவே கிட்டியது. ஆயினும் வலிமை குன்றிய மக்கள் ஒன்றுகூடி, ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டு, பின் ஒரே குரலில் பேசுவார்களானால், அக்குரலைப் பேரரசுகளும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது என்பதற்கு இந்நாட்டின் வரலாறு சான்று பகர்கிறது. கோட்லாவில் கூட்டம் முடியும்போது கூடியிருப்போர் அனைவரும் ‘புலா!’ என்று முழங்கிக் கலைவர். மழை பெய்க என்பதே அதன் பொருள். நீரின் அருமை அறிந்த நாமும் அவ்வாழ்த்தைக் கூறியே இவ்வுரையை முடிக்கிறோம்.